பார்னார்ட் வளையம் எங்கே போனது?

வணக்கம்.

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா, 200 மி.மீ. லென்ஸ், வானத்தின் சுழற்சிக்கேற்பக் கேமராவைத் திருப்பும் ஒரு டிராக்கர். இவற்றை வைத்துக்கொண்டு ஓரியன் விண்மீன் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் மங்கலான வாயு வில்லான பார்னார்ட் வளையத்தை எடுக்க முயன்றேன். ஒரு நிமிட எக்ஸ்போஷர்களாக மொத்தம் ஒரு மணி நேரம். ஓரியன் நெபுலா அழகாக வந்துவிட்டது. வளையத்தின் சுவடே இல்லை. பெரிய தொலைநோக்கி வாங்கினால்தான் முடியுமா? படங்களில் வரும் அந்த நீலமும் பொன்னிறமும் உண்மைதானா?

ர.

அன்புள்ள ர.,

தொலைநோக்கி வாங்காதீர்கள். வாங்கினால் வளையம் இன்னும் கைநழுவிப் போகும். வானத்தில் அது ஏறத்தாழ 10 பாகை விரிந்து கிடக்கிறது; இருபது முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். உங்கள் 200 மி.மீ. லென்ஸுக்கே அது பெரிது. 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதை மாட்டுங்கள். இப்படிப் பரந்த மங்கலான பொருட்களுக்கு லென்ஸின் விட்டத்தைவிட எஃப் எண்தான் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது) பேசும். ஒரே கேமராவில் எஃப்/8-ஐவிட எஃப்/4 ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு மடங்கு ஒளி தரும்.

அடுத்தது கேமரா. உமிழ்வு நெபுலாவின், அதாவது தானே ஒளிரும் வாயு மேகத்தின், சிவப்பு பெரும்பாலும் 656.3 நானோமீட்டரில், ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற ஒரே கோட்டில் வருகிறது. பகல் படங்களில் நிறம் சரியாக வர வேண்டுமே என்று சென்சாருக்கு முன்னால் வைத்திருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஓரியன் நெபுலா பிரகாசமானது, மிச்சமிருந்ததே போதுமாயிற்று. வளையத்துக்குப் போதவில்லை. அந்த வடிகட்டியை மாற்றிய கேமரா, அதோடு ஹைட்ரஜன் ஆல்ஃபாவை மட்டும் விடும் குறுகிய பட்டை ஃபில்டர்: செலவு செய்வதென்றால் இங்கே செய்யுங்கள். நகர வெளிச்சத்திலும் நிலா இருக்கும் இரவிலும்கூட வேலை நடக்கும்.

அப்புறம் நேரம். இரைச்சலுக்கு எதிரான தெளிவு, மொத்த எக்ஸ்போஷரின் வர்க்கமூலத்தைப் போலத்தான் கூடும். இரண்டு மடங்கு தெளிவுக்கு நான்கு மணி நேரம், நான்கு மடங்குக்குப் பதினாறு. எரிச்சலூட்டும் கணக்கு, ஆனால் தப்பிக்க வழியில்லை. ஒரே இரவில் ஐந்து பொருட்களை எடுப்பதைவிட ஐந்து இரவுகள் ஒரே பொருளை எடுக்கலாம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை நூறாண்டுக்கும் மேலாகப் படமெடுத்துவருகிறார்கள். ஆனாலும் அதன் பக்கத்தில் ஆக்ஸிஜன் ஒளியில் ஒரு பெரிய வில் இருப்பதை அமெச்சூர் வானியலாளர்கள் 2022-இல்தான் கண்டார்கள். சிறிய தொலைநோக்கிதான், ஆனால் நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்த்தார்கள்.

நிறம் பற்றி: பொன்னும் நீலமும் ஒரு ஏற்பாடு. கந்தகத்தைச் சிவப்பிலும் ஹைட்ரஜனைப் பச்சையிலும் ஆக்ஸிஜனை நீலத்திலும் போடுவது ஹப்பிள் படங்களால் பழகிய முறை. வாயுக்களைப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். ஹைட்ரஜனின் சிவப்பு உண்மை. ஆனால் இருட்டில் வேலை செய்யும் நம் விழிச்செல்களுக்கு அந்தச் சிவப்பு எட்டுவதில்லை.

நிறத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பின்னணியைச் சமன்செய்யும் மென்பொருளுக்கு பார்னார்ட் வளையமும் தெருவிளக்கின் வெளிச்சச் சரிவும் ஒன்றுதான்; இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். உங்கள் ஒரு மணி நேரப் படத்திலேயே கொஞ்சம் வளையம் இருந்து, அப்படிப் போயிருக்கலாம். மென்பொருளிடம் விடாமல், பின்னணியை அளக்கும் மாதிரிப் புள்ளிகளை நீங்களே, நெபுலா இல்லாத இடங்களில் வையுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ஃப்ளாட் படங்கள் (சீரான வெளிச்சத்தை எடுத்து லென்ஸின் குறைகளைக் கழிக்க உதவுபவை) சரியில்லையென்றால் லென்ஸின் ஓர இருட்டும் தூசி வட்டமும் இழுத்துப் பிரகாசமாக்கும்போது நெபுலாவாகவே வேஷம் போடும். சந்தேகம் வந்தால் அடுத்த இரவு கேமராவைத் தொண்ணூறு பாகை திருப்பி மறுபடி எடுங்கள். விண்மீன்களோடு சேர்ந்து திரும்பினால் அது வானத்தில் இருக்கிறது. சட்டகத்தில் அதே மூலையில் நின்றால், லென்ஸையும் ஃப்ளாட்களையும் பாருங்கள்.