புதிய மீன்தொட்டியில் நீர் கலங்குவது ஏன்?

கேள்வி: புதிதாக வைத்த மீன்தொட்டியின் நீர் சில நாள்களில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிட்டது. முழுவதையும் மாற்றியும் மீண்டும் கலங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிரப்பிய உடனே கலங்கியிருந்தால் சரியாகக் கழுவாத சரளைக்கல்லின் தூசி எனலாம், சில நாள் கழித்து வெளுப்பது, மிஞ்சிய தீனியையும் கழிவையும் உண்டு பெருகும் பாக்டீரியாக்களால். முழு நீரையும் மாற்றுவதை நிறுத்திவிட்டு, தீனியைக் குறைத்து, அவை உறிஞ்சும் ஆக்சிஜனை ஈடுசெய்யக் காற்றுக்குழாயை இரவும் பகலும் இயங்கவிட்டால், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் நீர் தானே தெளியும். கலங்கலைவிட, கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உருவாகும், கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவே மீனுக்கு ஆபத்து. அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை புதிய மீன்களைச் சேர்க்காதீர்கள். சோதனையில் அம்மோனியா தென்பட்டால், கால் பங்கு நீரை மட்டும் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். அந்தப் பாக்டீரியாக்கள் குளோரினால் அழியாதிருக்க, வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.