தாடையா, இடுப்பா? – கடிதம்

வணக்கம். தாடை, இடுப்பு ஆகிய இரு எலும்புகளின் மஜ்ஜையிலிருந்தும் ஸ்டெம் செல்களை வளர்த்து, அவை வெளியிடும் எக்ஸோசோம் என்னும் நுண்ணிய பைகளைப் பிரித்தோம். எலும்பாக மாறும் செல்களுக்கு இரண்டையும் 10 மைக்ரோகிராம் புரதம் என்ற கணக்கில் கொடுத்தோம். தாடையுடையதில், கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சாயத்தின் சிவப்பு அடர்த்தியாக ஏறியது. தாடையே சிறந்தது என்று எழுதலாமா?

– ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போது எழுத வேண்டாம். கேள்வி நல்ல கேள்வி, அளந்த கோல்தான் சரியில்லை.

வேறுபாடு இருக்க நியாயம் உண்டு. தாடை எலும்பு கருவில் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருகிறது, இடுப்பெலும்பு இடைப்படை என்னும் கருவின் நடு அடுக்கிலிருந்து. சுண்டெலிகளில் கால் எலும்புச் செல்களைத் தாடைக் காயத்தில் வைத்தபோது, அவை உடலில் தம் இடத்தைக் குறிக்கும் ஹாக்ஸ் மரபணு அடையாளத்தை விடாமல் குருத்தெலும்பாக மாறின. தாடைச் செல்களோ காலில் வைத்ததும் அந்த இடத்துக்கு இசைந்து எலும்பாயின. செல்லுக்குத் தன் பிறந்த இடம் நினைவிருக்கிறது. அந்த நினைவில் எவ்வளவு வெசிக்கிளுக்குள் (எக்ஸோசோம் போன்ற நுண்பைக்குள்) ஏறுகிறது என்பதைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

புரதக் கணக்கு அதைக் காட்டாது. வளர்ப்பு ஊடகத்தின் மாட்டு சீரத்தில் அல்புமினும் இருக்கிறது, மாட்டின் வெசிக்கிள்களும் இருக்கின்றன. இரண்டும் 1,00,000 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை) சுழற்சியில் உங்கள் வண்டலோடு சேர்ந்தே இறங்கும். கடைசி 48 மணி நேரம் செல்களைச் சீரம் இல்லாத ஊடகத்தில் வையுங்கள், செல்கள் சாகவில்லை என்றும் பாருங்கள். பிறகு 300 ஜி, 2,000 ஜி, 10,000 ஜி என்று படிப்படியாகச் சுழற்றி, ஒவ்வொரு முறையும் மேல்நீரை மட்டும் எடுங்கள். அதன்பின் 1,00,000 ஜியில் 70 நிமிடம். வண்டலை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவி மறுபடி அதே சுழற்சி. நானோ துகள் எண்ணியில் எண்ணி, துகள் எண்ணிக்கையைச் சமமாக்கிக் கொடுங்கள். ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடிக்கு மேல் துகள் இருந்தால் தூய்மை நன்று. எக்ஸோசோமின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81 இருக்க வேண்டும், செல்லின் உட்பகுதிப் புரதமான கால்நெக்சின் இருக்கக் கூடாது.

இரு எலும்பும் ஒரே கொடையாளியுடையதா? இல்லையென்றால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு மனிதர்களை. பாசேஜ் எண் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த தடவை) ஒன்றாக இருப்பதும் போதாது. தாடைச் செல்கள் வேகமாகப் பெருகுபவை, மூப்பும் தாமதமாக வரும். மூத்த செல்கள் வெளியிடும் வெசிக்கிளின் அளவும் உள்ளடக்கமும் மாறிவிடும். ஆகவே செல்கள் எத்தனை முறை இரட்டித்தன என்ற எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

அலிசரின் கால்சியத்தைத்தான் பிடிக்கும். இறந்த செல்லில் படிந்த கால்சியமும் சிவக்கும். எலும்பாக மாறுவதைக் காட்டும் குறிகளையும் பாருங்கள்: ஏழாம் நாளில் அல்கலைன் பாஸ்படேஸ், பிறகு ரன்க்ஸ்2, ஆஸ்டியோகால்சின். வெசிக்கிள் நீக்கிய மேல்நீரைத் தனிக் குழுவாக வையுங்கள். அதுவும் அதே அளவு வேலை செய்தால், வேலை செய்தது வெசிக்கிள் அல்ல, கரைந்திருக்கும் புரதம்.

விலங்குச் சோதனைக்குப் போகும்போது வெறும் கரைசலாக ஊசியில் செலுத்தாதீர்கள். இரத்தத்தில் கலந்தால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடும். ஹைட்ரோஜெல் என்ற நீர்க்கூழில் பிடித்து எலும்புக் குறைபாட்டிலேயே வையுங்கள். வெறும் ஜெல் வைத்த குழுவும் கட்டாயம் வேண்டும்.