எத்தனை துண்டுக்கு மசாலா தடவலாம்?

கேள்வி: காசிமேட்டில் சாயங்காலம் மீன் வறுவல் வண்டி போடுகிறோம். வஞ்சிரம் துண்டு அடக்கவிலை 50 ரூபாய், விற்பது 80. தீர்ந்த பிறகு கேட்டவர்களையும் சேர்த்து 20 நாள் எழுதி வைத்தேன்: 20 துண்டு கேட்டது 4 நாள், 25 கேட்டது 6 நாள், 30 கேட்டது 5 நாள், 35 கேட்டது 3 நாள், 40 கேட்டது 2 நாள். சராசரி 28 வருகிறது. தினம் 28 போடலாமா?

பதில்: வேண்டாம், 25 போதும். துண்டு விற்றால் 30 ரூபாய் லாபம். மசாலா தடவி மிஞ்சினால் 50 ரூபாய் போச்சு. சராசரிக்கு இந்த லாப நஷ்ட வித்தியாசம் தெரியாது.

நஷ்டம் 50-ஐ, லாபமும் நஷ்டமும் சேர்ந்த 80-ஆல் வகுங்கள்: 0.625. கடைசியாகச் சேர்க்கும் துண்டு விற்க நூற்றுக்கு 62.5 வாய்ப்பாவது இருக்க வேண்டும். 25-வது துண்டு 20 நாளில் 16 நாள் விற்கும், 80 சதவீதம், தாராளமாகப் போடலாம். 26-லிருந்து 30 வரை 10 நாள்தான், 50 சதவீதம். ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாக 10 ரூபாய் கைவிட்டுப் போகும். நாள் லாபமாகப் பார்த்தால் 20 துண்டுக்கு 600, 25-க்கு 670, 28-க்கு 640, 30-க்கு 620.

திரும்பிப் போனவர்களையும் எழுதினீர்களே, அதுதான் இந்தக் கணக்கின் உயிர். விற்றதை மட்டும் எழுதியிருந்தால், 25 போட்ட நாளெல்லாம் 25-க்கு மேல் யாரும் கேட்காததாக ஏடு சொல்லும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது அடக்கம் 65 ஆகி, விலையை ஏற்ற முடியாவிட்டால் 81 சதவீத வாய்ப்பு வேண்டும், 20-க்கு இறங்குங்கள். ஆனால் 80-க்கும் 81-க்கும் நடுவில் ஒரு நாள் கணக்கு மாறினாலே முடிவு புரண்டுவிடும். 20 நாள் ஏடு அதற்குப் பத்தாது, 60 நாளாவது எழுதுங்கள்.

இன்னொரு வழி: 20 துண்டுக்கு மட்டும் முதலில் மசாலா தடவி, மீதியை ஐஸில் வையுங்கள். மிஞ்சிய பச்சைத் துண்டைக் குழம்புக்கு 30 ரூபாய்க்குக் கொடுக்க முடிந்தால் நஷ்டம் 20-தான். அப்போது 20-ஐ 50-ஆல் (லாபம் 30, நஷ்டம் 20) வகுத்தால் வரும் 40 சதவீத வாய்ப்பே போதும், 30 துண்டு வரை வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி ஏடு போடுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளை இதோடு கலக்கவே கூடாது.