எல்லோருக்கும் மூச்சு இருபதா?

மேடம்,

அறுவை வார்டில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இரவு டியூட்டியில் 24 படுக்கைக்கு இரண்டு பேர். போன வாரம் ஹேண்டோவர் எடுத்ததுமே நான்கு பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள். 5-ம் பெட், ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து ஏழு மணி நேரமாக யூரின் போகவில்லை. 9, சர்க்கரை நோயாளி, காலில் புண். இன்சுலின் போட்டும் சாப்பிடவில்லை, வியர்க்கிறது, குளுக்கோமீட்டரில் 62. 14, வயிற்று ஆபரேஷன், இரண்டாம் நாள். வலியில் அழுகிறார், உறவினர்கள் சத்தம் போடுகிறார்கள். 17, அப்பெண்டிக்ஸ் ஓட்டை விழுந்து ஆபரேஷன், மூன்றாம் நாள். பல்ஸ் 104, பி.பி. 110/70, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 97, காய்ச்சல் 99.6, மூச்சு 20. ‘ஸ்டேபிள்’ என்றுதான் ஒப்படைத்தார்கள். அவர் மனைவி மட்டும் ‘பேசினா மூச்சு வாங்குது சிஸ்டர்’ என்றார். 14, 9, 5 என்று முடித்து 17-க்கு வரும்போது மணி பதினொன்று, பி.பி. 80. ஐ.சி.யூ.வுக்கு மாற்றினோம். சீனியர் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஏ.பி.சி. (ஏர்வே, பிரீதிங், சர்க்குலேஷன்: மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்) விதியிலோ, மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தும் மாஸ்லோ படிநிலையிலோ 17 முதலில் வரவில்லையே மேடம்? யாரை முதலில் பார்த்திருக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

மாஸ்லோவைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிடுங்கள். சீனியர் அப்படித் திட்டியது தப்பு; அது இன்னொரு நாள் பேச்சு.

முதலில் 9. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்ப்பது. மந்தமாக இருந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டு நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ். இரண்டு நிமிட வேலை. அங்கிருந்து நேராக 17. பிறகு 14. அதன்பின் 5: எழுந்து நிற்கவைத்துப் பாருங்கள், போகாவிட்டால் கதீட்டருக்கு (யூரின் குழாய்) கேளுங்கள். சத்தம் போடுகிறவரிடம் மூச்சு இருக்கிறது, அவர் கொஞ்சம் காத்திருக்கலாம்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். என்னை உறுத்துவது சார்ட்டில் இருந்த அந்த 20. உங்கள் கடிதம் வராவிட்டாலும் இதை எழுதியிருப்பேன். எந்த வார்டின் சார்ட்டைப் புரட்டினாலும் 20, 20, 18, 20. நிமோனியாவுக்கும் 20, மூட்டு மாற்றியவருக்கும் 20. பி.பி.யை மெஷின் சொல்லிவிடுகிறது, சாச்சுரேஷன் விரலில் மாட்டினால் வந்துவிடுகிறது. மூச்சை மட்டும் ஒரு மனுஷி நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதனால் யாரும் எண்ணுவதில்லை.

ஏ.பி.சி.யில் 17 வரவில்லை என்கிறீர்கள். ஏம்மா, அந்த ‘பி’ என்ன? ‘பேசினா மூச்சு வாங்குது’ என்று அந்த அம்மா சொன்னதை நீங்களே எழுதிவிட்டு, மூச்சில் பிரச்சினை இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? சாச்சுரேஷன் 97 என்றா?

வயிற்றில் சீழ் வைத்துக் கிருமி ரத்தம் வரை போய் செப்சிஸ் ஆனால், திசுக்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து லாக்டிக் அமிலம் சேரும். அதைச் சரிக்கட்ட மூளை மூச்சை முடுக்கிக் கார்பன் டை ஆக்ஸைடை வெளியே தள்ளும். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே சாச்சுரேஷன் இறங்காது. மூச்சு 26, 28 என்று ஏறும். பி.பி. விழுவது கடைசியில். உள்ளே ரத்தக் கசிவென்றாலும் இப்படித்தான். உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டர் போன பிறகும் படுத்திருப்பவரின் பி.பி. பல சமயம் நார்மலாகவே காட்டும். பி.பி.க்கு அட்டினலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல்ஸும் அவ்வளவாக ஏறாது.

எண்ணுவது முழு 60 விநாடி. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே நான்கு தவறுகிறது. 24-க்கும் 28-க்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறதென்று கீழே சொல்கிறேன். ‘மூச்சு எண்ணப்போறேன்’ என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னதும் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசுகிறாரா என்பதும் அதே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் ‘நியூஸ்’ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. அதில் உங்கள் 17-ஐப் போட்டுப் பாருங்கள். பல்ஸ் 104-க்கு 1, மேல் பி.பி. 110-க்கு 1, சாச்சுரேஷனுக்கும் காய்ச்சலுக்கும் பூஜ்யம், மூச்சு 20-க்குப் பூஜ்யம். மொத்தம் 2, ஸ்டேபிள்தான். மூச்சு 21 முதல் 24 வரை என்றால் 2 சேரும். 25-ஐத் தொட்டால் 3 சேர்ந்து மொத்தம் 5. உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டிய எல்லை அது. அவருக்கு அன்று 28 இருந்ததா? நான் எப்படிச் சொல்வது, யாரும் எண்ணவில்லையே.

14-ம் பெட்டுக்கு வலிக்கு ட்ரமடாலோ மார்ஃபினோ போடும் முன்பும் எண்ணுங்கள், போட்ட பின்பும் எண்ணுங்கள். அங்கே ஆபத்து மறுபக்கம்: மூச்சு 8-க்கு இறங்கி, ஆள் சொக்கிக்கொண்டு, மாஸ்க்கில் ஆக்ஸிஜன் ஓடுவதால் சாச்சுரேஷன் மட்டும் 98 என்று சிரித்துக்கொண்டிருக்கும்.

எண்ணினால் போதாது, சொல்லவும் தெரிய வேண்டும். ‘டாக்டர், 17-ம் பெட் ஒரு மாதிரி இருக்கார்’ என்றால் எவரும் எழுந்து வரமாட்டார்கள். போனை எடுக்கும் முன் யூரின் பையைப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்தால் அதுவும் சேதிதான். பிறகு இப்படிச் சொல்லுங்கள்: ‘அப்பெண்டிக்ஸ் ஓட்டை, மூன்றாம் நாள். மூச்சு 28, நானே ஒரு நிமிஷம் எண்ணினேன். பல்ஸ் 104, பி.பி. 110, காலையில் 130 இருந்தது. நாலு மணி நேரத்தில் யூரின் 60 மி.லி. செப்சிஸோ என்று சந்தேகம், இப்போதே வந்து பாருங்கள்.’ வரவில்லையா, பத்து நிமிடத்தில் மறுபடி. அப்போதும் இல்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவரை. கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் நோட்ஸில் எழுதிவிடுங்கள். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள், அதற்குத்தான் அவருக்கு டியூட்டி போட்டிருக்கிறார்கள்.