கோமுக் போகிறீர்களா? கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் 6 கிலோமீட்டர் நடக்கிறேன். அக்டோபரில் கங்கோத்ரி தேசியப் பூங்காவில், கங்கை பனிப்பாறையிலிருந்து வெளிவரும் கோமுக் வரை நடக்கப்போகிறோம். டேராடூனிலிருந்து ஒரே நாளில் கங்கோத்ரி, மறுநாள் போஜ்பாசா. மலை நோய் வராமலிருக்க டயமாக்ஸ் மாத்திரை போட்டால் போதுமா?

பதில்: போதாது. முதலில் பயணத் திட்டத்தை மாற்றுங்கள், மாத்திரையை அப்புறம் பார்க்கலாம்.

டேராடூன் சுமார் 640 மீட்டர் உயரம். கங்கோத்ரி சுமார் 3,100, நீங்கள் இரவு தங்கப்போகும் போஜ்பாசா சுமார் 3,800. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். தினசரி நடைப் பழக்கம் 14 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு உதவும். ஆனால் உடம்பு பழகுமுன் ஏறுவதால் வரும் மலை நோயைத் தடுக்காது. நன்றாக நடப்பவர்கள் வேகமாக ஏறிச் சிக்கிக்கொள்வதும் உண்டு.

அதனால் வழியில் ஹர்சிலில் ஒரு இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் கிடைக்கும் பகலில் கொஞ்ச தூரம் மேலே நடந்துவிட்டுத் திரும்பி வந்து தூங்குங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

டயமாக்ஸ் நல்ல மருந்துதான். ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. விரல்கள் மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் கலந்திருந்தால், இரண்டும் சேர்ந்து உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடலாம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தாலும் யோசிக்க வேண்டும். அதனால் மாத்திரை அட்டையோடு உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயரத்தில் அழுத்தம் கூடத்தான் செய்யும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே ஓய்வெடுங்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது. துணையோடு உடனே கீழே இறங்க வேண்டும். உடன் வருபவர்களிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொண்டு இப்படித் தள்ளாடுபவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காமல் இறக்கிக் கூட்டிவருவது மற்றவர்கள் பொறுப்பு.