எங்க அண்ணன் என்ன சோதனை எலியா? – வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ரத்தப் புற்றுநோய் பத்தி ரெண்டே ரெண்டு பத்தி எழுதினேன், வந்த கேள்வியைப் பாத்தா முழு இதழுக்குப் போதும்போல இருக்கு. ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் (ரத்தத்தை உண்டாக்கற தாய் செல்லை ஏத்தற வைத்தியம்) சம்பந்தமா வந்ததை மட்டும் இப்ப எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால யாரு பேரும் போடல.

கேள்வி: எங்க அண்ணனுக்கு ஏஎம்எல்னு ஒரு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிஞ்சு ரெமிஷன்ல, அதாவது நோய் அடங்கி இருக்காரு. அடுத்து டிரான்ஸ்பிளான்ட்னு சொல்லிட்டாங்க. கூடவே ஒரு கிளினிக்கல் டிரையல்ல சேர்றீங்களான்னு கேட்டு இருபது பக்கத்துக்கு ஃபார்ம் குடுத்திருக்காங்க. யாருக்கு எந்த மருந்துன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுமாம். எங்க அண்ணன் என்ன சோதனை எலியா சார்?

பதில்: கோவம் நியாயம்தான், உயிர் விஷயத்துல குலுக்கல் போடறேன்னா யாருக்குத்தான் கோவம் வராது. ஆனா ஒண்ணு யோசிங்க. டிரையல் வேணாம்னு சொன்னா உங்க அண்ணனுக்கு 'வழக்கமான' வைத்தியம் குடுப்பாங்க இல்ல, அந்த வழக்கம் எங்கேர்ந்து வந்துச்சு? முன்னாடி யாரோ ஒருத்தரோட அண்ணன் இதே மாதிரி ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டதாலதான் வந்துச்சு.

ஒரு உதாரணம் சொல்றேன். டோனரோட செல் நோயாளி உடம்பைத் தாக்காம (இந்தத் தாக்குதலுக்குத்தான் ஜிவிஹெச்டின்னு பேரு) இருக்கறதுக்கு டாக்ரோலிமஸ், மெத்தோட்ரெக்ஸேட்னு ரெண்டு மருந்து பல வருஷமா குடுத்துட்டு இருந்தாங்க. அதை விட சைக்ளோஃபாஸ்ஃபமைட் சேர்ந்த காம்பினேஷன் நல்லாருக்குமான்னு அமெரிக்காவுல 431 பேரை வச்சு ஒரு டிரையல் நடத்தி 2023ல ரிசல்ட் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு, நோய் திரும்பாம, பெரிய ஜிவிஹெச்டி தொல்லையும் இல்லாம உயிரோட இருந்தவங்க புது குரூப்ல 52.7 சதவீதம், பழைய குரூப்ல 34.9 சதவீதம். இதுல பழைய குரூப்ல விழுந்தவங்களுக்கும் அன்னைக்கு வழக்கத்துல இருந்த வைத்தியம் கிடைச்சுது, யாரையும் மருந்தே இல்லாம விட்டுடல. பெரிய டிரையல்கள்ல பெரும்பாலும் இப்படித்தான், ஆனா உங்க ஃபார்ம்லயும் அப்படித்தானான்னு கட்டாயம் கேளுங்க.

சரி, குலுக்கல் எதுக்கு, டாக்டரே பாத்து முடிவு பண்ணக்கூடாதான்னா, டாக்டரும் மனுஷர்தானே, கொஞ்சம் தெம்பா இருக்கறவரை ஒரு பக்கமும் முடியாதவரை இன்னொரு பக்கமும் தெரியாமலே தள்ளிடுவாரு, அப்புறம் ஜெயிச்சது மருந்தா ஆளோட தெம்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. டோனர் கிட்ட எலும்பு மஜ்ஜையை எடுக்கறதை விட, ஊசி போட்டு செல்லை ரத்தத்துக்கு வரவழைச்சு எடுக்கறது சுலபம், செல்லும் சீக்கிரம் பிடிக்குதுன்னு எல்லாரும் அதுக்கே மாறிட்டு இருந்தாங்க. சொந்தக்காரங்க இல்லாத டோனர்கள் விஷயத்துல 551 பேரை குலுக்கல்ல பிரிச்சுப் பாத்தாங்க, 2012ல ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு வருஷத்துல உயிர் பிழைச்சவங்க கணக்குல பெருசா வித்தியாசமே இல்ல. ஆனா நாள்பட்ட ஜிவிஹெச்டி ரத்தம் வழியா எடுத்த குரூப்ல 53 சதவீதம், மஜ்ஜை குரூப்ல 41. குலுக்கல் போடலைன்னா இது வெளிய வந்திருக்கறது கஷ்டம்.

ஃபார்ம்ல நான் முதல்ல தேடறது மூணு விஷயம். இது எத்தனாவது கட்டம் (முதல் கட்டம்னா எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும்னே இப்பதான் பாக்கறாங்க, மூணாவது கட்டம்னா பழசோட நேருக்கு நேர் போட்டி), இன்னொரு குரூப்புக்கு என்ன வைத்தியம், ஜெயிச்சதுன்னு எதை வச்சு சொல்லப் போறாங்க. அப்புறம் 'எப்ப வேணா விலகலாம்'னு ஒரு வரி இருக்கும். உண்மைதான். ஆனா டிரான்ஸ்பிளான்ட்ல அதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதை யாரும் அழுத்திச் சொல்றதில்லன்னு எனக்கு வருத்தம். முன்னாடி குடுக்கற பெரிய கீமோ இருக்கே, கண்டிஷனிங்னு சொல்வாங்க, அது மஜ்ஜையைத் துடைச்சு எடுத்துடும். அதுக்கப்புறம் டிரையல்லேர்ந்து விலகலாம், டிரான்ஸ்பிளான்ட்லேர்ந்து விலக முடியாது, செல் ஏத்தித்தான் ஆகணும். அதனால சந்தேகம் எல்லாத்தையும் அந்த கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுத் தீத்துக்கோங்க. டிரையல் வேணாம்னு சொன்னாலும் வைத்தியத்துல குறை வைக்கக் கூடாது, அது விதி.

கேள்வி: அடுத்தவங்க செல்லைப் போட்டா அது நம்ம உடம்பையே தாக்கும்னு சொல்றாங்களே, அப்ப நம்ம செல்லையே எடுத்து சுத்தம் பண்ணிப் போட்டுக்க வேண்டியதுதானே?

பதில்: நல்ல கேள்வி, இந்தத் துறையோட மொத்தத் தலைவலியே இதுதான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான் ஜிவிஹெச்டி. தோல், குடல், கல்லீரல்னு புது செல் போய் வம்பு இழுக்கும். ஆனா அந்த வம்புக்காரன்தான் ஒளிஞ்சிருக்கற கேன்சர் செல்லையும் தேடிப் பிடிச்சு அடிக்கிறவன்! இது எப்படித் தெரிஞ்சுதுன்னா, அச்சுல வார்த்த மாதிரி ஒரே ஜீன் இருக்கற இரட்டையர் கிட்டேர்ந்து செல் வாங்கினவங்களுக்கு ஜிவிஹெச்டி வராது, ரொம்ப நல்லதுன்னு நினைப்போம், ஆனா அவங்களுக்குத்தான் லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) அதிகமா திரும்பி வந்துச்சு. 1990ல ஜெர்மனியில கோல்ப்ங்கற டாக்டரோட குழு இன்னும் ஒரு படி மேல போனாங்க, டிரான்ஸ்பிளான்ட்டுக்கு அப்புறம் சிஎம்எல் (இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்) திரும்பி வந்தவங்களுக்கு அதே டோனரோட வெள்ளை அணுவை மறுபடி ஏத்தினாங்க, நோய் அடங்கிடுச்சு. அப்ப நம்ம வைத்தியம் கீமோவா, டோனரோட எதிர்ப்பு சக்தியான்னா, ரெண்டும்தான்.

இந்த வித்தை ஒரே நாள்ல கைக்கு வரல. அமெரிக்க டாக்டர் டோனால் தாமஸ் 1957ல முதல் முயற்சியை எழுதினப்ப 6 நோயாளிங்க, ஒருத்தர் கூடப் பிழைக்கல. பல பேரு இந்தத் துறையையே விட்டுட்டுப் போயிட்டாங்க, அவரு விடல. 1977ல, வேற வைத்தியம் எதுவும் கைகொடுக்காத 100 பேருக்குப் பண்ணினதை வெளியிட்டாரு, 13 பேரு நோய் இல்லாம இருந்தாங்க. 13 தானான்னு கேக்காதீங்க, அவங்களுக்கு வேற வழியே இல்லாத காலம் அது. 1990ல நோபல் கிடைச்சுது.

சொந்த செல் போடற முறையும் இருக்கு, மைலோமாவுக்கும் சில லிம்ஃபோமாவுக்கும் (ரெண்டும் ரத்தப் புற்றுநோய் வகைதான்) அதுதான் அதிகம். அதுல செல் வைத்தியம் இல்ல, வைத்தியம் அந்தப் பெரிய டோஸ் கீமோதான், செல் வந்து மஜ்ஜையைக் காப்பாத்திக் குடுக்குது, அவ்வளவுதான்.

கேள்வி: கூடப்பிறந்தவங்க மூணு பேர் இருந்தும் ஒருத்தர் கூட மேட்ச் ஆகல. எங்க குடும்பத்துக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்க குடும்பத்துக்கு மட்டும் இல்லம்மா. ஹெச்எல்ஏன்னு செல் மேல இருக்கற அடையாளத்தை வச்சுத்தான் மேட்ச் பாப்பாங்க, அது பாதி அப்பா கிட்டேர்ந்து, பாதி அம்மா கிட்டேர்ந்து வருது, அதனால ஒரு ஆளு முழுசா மேட்ச் ஆக நாலுல ஒரு வாய்ப்புதான். மூணு பேருமே ஆகாமப் போக 42 சதவீதம் வாய்ப்பு இருக்கு, கணக்குப் போட்டுப் பாருங்க. ஆனா பெத்தவங்க, பெத்த புள்ளைங்க எல்லாரும் பாதி மேட்ச் கண்டிப்பா இருப்பாங்க. முன்னெல்லாம் பாதி மேட்ச்னா கிட்டவே போக மாட்டாங்க. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில இருந்தவங்க ஒரு வேலை பண்ணாங்க, செல் ஏத்தி மூணாவது நாளும் நாலாவது நாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைட் குடுத்தாங்க. அந்நிய உடம்பைப் பாத்து வெறி பிடிச்சு வேகமா பெருகற டி செல்லு (எதிர்ப்பு சக்தி தர்ற வெள்ளை அணு) அந்த ரெண்டு நாள்ல அடி வாங்கும், ஸ்டெம் செல்லுக்குள்ள அந்த மருந்தை முறிக்கிற என்சைம் நிறைய இருக்கறதால அது தப்பிச்சுடும். என்னா மூளை பாருங்க! மேல சொன்ன 2023 டிரையல்ல முழு மேட்ச்காரங்களுக்கே நல்லா வேலை செஞ்சுதே, அது இங்கேர்ந்து போன மருந்துதான். பாதி மேட்ச் பத்தி உங்க டாக்டர் கிட்ட கேளுங்க, ரெஜிஸ்ட்ரில (டோனர்கள் பேர் பதிஞ்சு வச்சிருக்கற பட்டியல்) தேடறதையும் நிறுத்தாதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயசு, ஹை ரிஸ்க் எம்டிஎஸ்னு மஜ்ஜை நோய். இந்த வயசுல டிரான்ஸ்பிளான்ட் எதுக்கு, நிம்மதியா விடுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

பதில்: சொந்தக்காரங்க சொல்றது பழைய காலத்துக் கணக்கு. இப்ப டோஸ் குறைச்ச கண்டிஷனிங் வந்துடுச்சு. இதே நோய்ல 50லேர்ந்து 75 வயசு வரை 384 பேரைப் பாத்தாங்க. மேட்ச் ஆன டோனர் கிடைச்சவங்கள்ல மூணு வருஷம் கழிச்சு 47.9 சதவீதம் பேரு உயிரோட இருந்தாங்க, கிடைக்காதவங்கள்ல 26.6. இங்க குலுக்கல் போட்டது கம்ப்யூட்டர் இல்ல, பிறப்பு. வயசை விட இதயம், நுரையீரல், கிட்னி எப்படி இருக்குன்னுதான் பாக்கணும். அப்புறம் முக்கியமா, அம்மா கிட்ட யாராவது கேட்டீங்களா? கடுதாசி முழுக்கத் தேடினேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி கூட இல்ல.

கேள்வி: மைலோமாவுக்கு இப்பதான் இத்தனை நல்ல மருந்து வந்துடுச்சே, டிரான்ஸ்பிளான்ட் இன்னும் வேணுமா?

பதில்: 722 பேரை வச்சு 2022ல வந்த பதில் இது. உடனே டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கிட்டவங்களுக்கு நோய் சராசரியா 67.5 மாசம் அடங்கி இருந்துச்சு, மருந்து மட்டும் எடுத்தவங்களுக்கு 46.2 மாசம். ஆனா ஆயுசுல இதுவரை வித்தியாசம் தெரியல. அதனால இப்பவா, அப்புறமாவான்னு உங்க டாக்டர் கூட உக்காந்து பேசற விஷயமா இது மாறிடுச்சு.

கேள்வி: எனக்கு ஓ குரூப், டோனருக்கு பி. என் பிளட் குரூப் மாறிடுமா? பையன் சிரிக்கறான்.

பதில்: பையனைச் சிரிக்க வேணாம்னு சொல்லுங்க, மாறிடும்! செல் நல்லா பிடிச்சு சில மாசம் போனா பி ஆயிடுவீங்க. ரத்தத்துல டிஎன்ஏ எடுத்துப் பாத்தா டோனரோடதுதான் தெரியும், முடி வேர்ல பாத்தா உங்களோடது. அவசரத்துக்கு ரத்தம் ஏத்தணும்னா மட்டும் டிரான்ஸ்பிளான்ட் ஆனதை முதல்ல சொல்லிடுங்க, பழைய குரூப் கார்டை நீட்டிடாதீங்க.