கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்கள் மட்டும் ஏன் மஞ்சளாக வருகின்றன? ஒயிட் பேலன்ஸை எப்படி அமைப்பது?

வாசலில் எடுத்த படங்கள் நன்றாக இருக்க, அதே கேமராவில் மண்டபத்துக்குள் எடுத்தவை எல்லாம் மஞ்சளடித்துப் போனதாகவும், கேமராவில் கோளாறோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு கேமராவில் இல்லை. பல ஆண்டுகளாக உறவினர் வீட்டுத் திருமணங்களைப் படமெடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பான ஒயிட் பேலன்ஸ், காலையில் வெயிலுக்கு வைத்தபடியே இருந்திருக்கும். என் அத்தை மகளின் திருமணத்தில் நானும் இதே தவற்றைச் செய்தேன். அவளுடைய அரக்கு நிறக் கூறைப்புடவை படங்களில் செங்கல் நிறமாகிவிட்டது. கேமராவே நிறத்தை முடிவு செய்து சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) கோப்பாக மட்டுமே எடுத்திருந்ததால் பிறகு கணினியில் எவ்வளவு முயன்றும் அந்த அரக்கை மீட்க முடியவில்லை.

வெள்ளை வேட்டியை வெயிலில் பார்த்தாலும் குண்டு பல்பின் கீழே பார்த்தாலும் நம் மூளை அதை வெள்ளை என்றே எடுத்துக்கொள்கிறது. கேமராவின் சென்சாருக்கு அந்தப் பழக்கம் இல்லை. குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. சென்சார் அதை உள்ளபடியே பதிவு செய்கிறது. பச்சையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் எவ்வளவு பெருக்கினால் வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும் என்று கணக்கிடுவதுதான் ஒயிட் பேலன்ஸ்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அலகில் சொல்வார்கள். அகல் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900, குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை, நண்பகல் வெயில் 5200 முதல் 5500 வரை, மேகமூட்டம் 6000க்கு மேல், நீல வானத்தின் ஒளி மட்டுமே விழும் நிழல் 7000க்கும் மேல். புதிதாகப் பழகுவோர் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: கேமராவில் நாம் வைக்கும் எண், படத்துக்கு நாம் பூச விரும்பும் நிறமன்று, அங்குள்ள ஒளி எத்தகையது என்று கேமராவுக்குச் சொல்லும் தகவல். ஆகவே 3000 என்று வைத்தால், ஒளி மஞ்சள் என்று கருதிக் கேமரா நீலத்தைக் கூட்டும். 7000 என்று வைத்தால், ஒளி நீலம் என்று கருதுவதால் படம் மஞ்சளாகும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில், அதாவது கேமராவே தேர்ந்துகொள்ளும்படி, விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். வெளியில் ஓடியாடி எடுக்கும்போது அது போதும். ஆனால் மணமேடையின் பின்புறம் முழுவதும் சிவப்புத் திரையும் சாமந்திச் சரங்களுமாக இருந்தால், அந்த நிறத்தையே ஒளியின் நிறமென்று கருதி ஆட்டோ நீலத்தைக் கூட்டிவிடுவதுண்டு. மணமக்களின் முகம் வெளிறிவிடும். அதோடு, அருகில் எடுத்த படத்தில் ஒரு நிறம், தள்ளி எடுத்த படத்தில் வேறு நிறம் என்று ஆல்பம் முழுவதும் புடவை மாறிக்கொண்டே இருக்கும். ஒளி மாறாத இடத்தில் ஒயிட் பேலன்ஸும் மாறக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு ஒரு சாம்பல் நிற அட்டை, அதாவது கிரே கார்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணமகள் அமரும் இடத்தில், அவர் முகத்தில் விழும் அதே ஒளி அட்டையில் விழுமாறு பிடித்து, படத்தின் நடுப்பகுதி முழுவதும் அட்டையே நிறையும்படி ஒரு படம் எடுங்கள். கேனான் கேமராவானால் மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்குப் போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒயிட் பேலன்ஸ் வகையையும் கஸ்டமுக்கு மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அட்டை இல்லையென்று யாருடைய வேட்டியையாவது வைத்து அளக்காதீர்கள். நீலம் போட்டு அலசிய வேட்டியில் மெல்லிய நீலச்சாயல் இருக்கும். கேமரா அதை ஈடுகட்ட, படம் மஞ்சள் பக்கம் சாயும். பளீரென்ற வெள்ளைத் தாளிலும் இதே சிக்கல் உண்டு.

உண்மையில் கடினமானது கலப்பு ஒளி. கூரையில் குண்டு பல்பு, வீடியோக்காரரின் எல்இடி விளக்கு, வாசல் வழியே வெயில் என்று மூன்றும் சேரும்போது எந்த எண்ணை வைத்தாலும் ஏதோவொரு பக்கம் பிழையாகத்தான் இருக்கும். முகத்தில் விழும் ஒளியைத் தேர்ந்து அதற்கு வையுங்கள். முடிந்தால் மற்ற விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் ஏறத்தாழ வெயிலின் நிறம் கொண்டது என்பதால், குண்டு பல்பு உள்ள மண்டபத்தில் அதன் முகப்பில் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டி, கேமராவை 3200 அளவில் வைத்தால் இரண்டும் இணங்கிவிடும். மலிவான எல்இடியின் ஒளியிலோ சிவப்பின் ஒரு பகுதியே குறைவாக இருக்கும். ஒளியில் இல்லாத நிறத்தை எந்த அமைப்பாலும் வரவழைக்க முடியாது. அங்கே மணமகளைச் சன்னலோரம் அழைத்து வந்து பட்டுப்புடவையைப் படமெடுப்பதே நேர்வழி.

குத்துவிளக்கையும் ஓமத் தீயையும் மட்டும் வெள்ளையாக்க முயலாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் 2500க்குக் கீழே போகவே முடியாது. போக முடிந்தாலும் வேண்டாம், அந்த வெதுவெதுப்பான நிறம்தான் அந்தப் படத்தின் உயிர்.

இவற்றோடு, சென்சார் பதிவு செய்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாகவும் சேர்த்தே எடுங்கள். ஒளி மாறும் ஒவ்வொரு முறையும் அட்டையை ஒரு படம் எடுத்து வைத்தால், பிறகு கணினியில் அந்த ஒரு படத்தை அளந்து மற்றவை அனைத்தையும் திருத்திவிடலாம். மண்டபத்துக்கென்று 3000 வைத்துவிட்டு அப்படியே வெளியே வந்தால் வாசல் முழுவதும் நீலமாகிவிடும் என்பதால், வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் ஒயிட் பேலன்ஸ் எதில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.